பொங்கலன்று ஒரு பந்தி: வாசகர் கேள்வி பதில்

தைப்பொங்கல் நெருங்கும் வேளையில் வந்த கடிதங்களுள் நான்கு ஒரே விடயத்தைப் பற்றியவை: பண்டிகை நாளில் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது. ஆகையால் இம்முறை அந்த நான்குக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் உயர்தரம் முடித்த நண்பர்கள் 9 பேர். பேருந்து நிலையத்திலும் கடை விறாந்தைகளிலும் படுத்துறங்கும் வீடற்றவர்களுக்குத் தைப்பொங்கலன்று 40 சோற்றுப் பார்சல் கொடுக்க எண்ணியிருக்கிறோம். சென்ற தீபாவளிக்கும் இப்படிக் கொடுத்தோம். அப்போது ஒரு முதியவர் எங்கள் கண்முன்னாலேயே பார்சலைப் பிரித்து நாய்க்கு வைத்துவிட்டார். அதனால் மனம் நொந்த இருவர் இனி வரமாட்டோம் என்கிறார்கள். நாங்கள் செய்ததில் என்ன பிழை? இம்முறை எப்படிச் செய்வது?
(ஒரு வாசகர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, அந்த முதியவர் உங்களை அவமதிப்பதற்காக அப்படிச் செய்திருக்கமாட்டார். ஒரு தீபாவளியன்று வவுனியாப் பேருந்து நிலையத்தில் காலை முதல் இரவு வரை காத்திருக்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் மூன்று குழுவினர், ஒருவர் வந்துபோனதை மற்றவர் அறியாமல், அதே ஆட்களுக்கு அதே விதமான பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு எதிரே இருந்தவர் முதலாவதைச் சாப்பிட்டார், இரண்டாவதைத் தன் பைக்குள் வைத்தார், மூன்றாவதை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். இரவு அவர் பையைத் திறந்தபோது சோறு நொதித்து மணத்தது. அன்று காலையில் அவருக்கு ஒரு தேநீர் கொடுக்க எவரும் இருக்கவில்லை; இரவிலும் இருக்கவில்லை. உங்கள் முதியவருக்கும் அது மூன்றாவது பார்சலாக இருந்திருக்கலாம்.

தெருவில் இருப்பவருக்குப் பண்டிகை நாள் மற்ற நாட்களைவிடக் கடினமானது. நாள்தோறும் அவருக்கு ஒரு தேநீரும் மிஞ்சிய பாணும் கொடுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர் அன்று கடையைப் பூட்டிவிட்டுத் தன் ஊருக்குப் போய்விடுவார். பேருந்துகள் குறைந்துவிடும், ஐம்பது ரூபாவோ நூறு ரூபாவோ கொடுத்துவிட்டுப் போகிற பயணிகளும் குறைந்துவிடுவார்கள். அடுத்த நாள் பட்டிப்பொங்கலுக்கும் பல கடைகள் திறப்பதில்லை, ஆனால் சோறு கொண்டுவருகிறவர்களும் அன்று வருவதில்லை. ஆகவே 40 பார்சலையும் ஒரே மதியத்தில் கொடுத்து முடிப்பதைவிட, பொங்கலன்று காலைச் சாப்பாட்டையும் பட்டிப்பொங்கலன்று இரவுச் சாப்பாட்டையும் நீங்கள் பொறுப்பெடுத்தால் அதே பணத்தில் இரண்டு பசி தீரும். உங்கள் ஊரில் இதைச் செய்யும் கோவில்கள், தேவாலயங்கள், கழகங்கள் எவையென்று முன்கூட்டியே விசாரித்து நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது, உங்கள் ஒன்பது பேரில் ஒருவர் ஒரே மாலையில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

பொங்கல் காலைப் பண்டிகை. சூரியனுக்குப் படைத்த புக்கை ஏழு மணிக்கெல்லாம் இறக்கியாகிவிடும்போது, அதைப் பொதி செய்து பதினொரு மணிவரை வைத்திருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. அப்படி வைத்திருப்பது ஆபத்தானதும்கூட. தேங்காய்ப்பால் விட்டுப் பொங்கியது விரைவில் பழுதாகும் என்பதை அம்மாமார் எல்லோரும் அறிவர். வெறும் சோறும் அப்படித்தான்: சூட்டோடு சுற்றி, சாக்குக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், உள்ளே தங்கும் இளஞ்சூட்டில் கிருமி பெருகும். அந்தக் கிருமி உண்டாக்கும் நஞ்சு பிறகு சூடாக்கினாலும் நீங்காது. சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறிவிடுவது பாதுகாப்பானது. வீட்டில் இருப்பவருக்கு வயிற்றோட்டம் வந்தால் மலசலகூடம் உண்டு, கிணறு உண்டு, பாயும் உண்டு; விறாந்தையில் இருப்பவருக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதை நினைத்துச் சமையுங்கள்.

அதனால், பார்சல் என்ற எண்ணத்தையே கைவிட்டு, அவர்களை ஒரு பந்திக்கு அழைத்தால் என்ன என்று உங்களைக் கேட்கிறேன். பக்கத்திலுள்ள கோவிலின் அன்னதான மண்டபத்தையோ ஒரு பொதுநோக்கு மண்டபத்தின் முற்றத்தையோ அன்று காலை கேட்டு வாங்குங்கள். பொது இடம் என்றால் கரைச்சிப் பிரதேச சபையின் அனுமதியைப் பெறுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவர் தரும் ஆலோசனை உங்களுக்குத்தான் பயன்படும். அங்கேயே மூன்று கல் வைத்துப் பொங்குங்கள். பானையில் பால் பொங்கி வழியும்போது அவர்களும் அந்த முற்றத்தில் இருக்கட்டும். பந்தியில் ஒருவர் விட்டு ஒருவராக நீங்களும் அமர்ந்து அதே புக்கையைச் சாப்பிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு நான் சொல்ல விரும்பிய பதில் முழுவதும் இந்த ஒன்றுதான். மற்றவையெல்லாம் இதைச் சரிவரச் செய்வதற்கான குறிப்புகள்.

எங்களுக்கு இது புதிய வழக்கம் அன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைக்கிறோம். அங்குள்ள மடங்களில் காரில் வந்தவரும் கால்நடையாக வந்தவரும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுகிறார்கள். யார், எவர் என்று எவரும் விசாரிப்பதில்லை. அந்தச் சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் வற்றாப்பளை அம்மனைத் தரிசித்து வன்னியைக் கடந்து கிழக்குக்குப் போகும்போது, வழியோர ஊர்ச் சனங்கள் அவர்களைக் கும்பிட்டு வரவேற்றுச் சோறு போடுகிறார்கள். அந்த அடியார்களும் பல வாரங்களுக்குக் கோவில் மண்டபங்களிலும் மரநிழல்களிலும்தான் உறங்குகிறார்கள், ஒரு பையோடுதான் நடக்கிறார்கள். அவர்களுக்குப் பரிமாறும்போது எங்கள் கையில் தானாக வருகிற மரியாதை, பேருந்து நிலையத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும்போதும் வரவேண்டும்.

அழைப்பதற்குப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே போங்கள். வெறுங்கையோடு போகாமல் தேநீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் இருந்து பேசுங்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கேட்காமல் போய்க் கற்றுக்கொண்டது இது. ஒரு கோவில் வாசலில், வாழையிலையில் வைத்த புக்கையை ஓர் ஆச்சி புறங்கையால் மெல்லத் தள்ளினார். "எனக்கு இந்த வருசம் பொங்கல் இல்லைப் பிள்ளை. அவற்றை ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை" என்றார். கணவர் முந்திய ஆவணியில் காலமாகியிருக்கிறார். ஆச்சிக்கு வீடு இல்லை, அடுப்பு இல்லை, பொங்கப் பானை இல்லை; ஆனால் துடக்கு இருந்தது, அதை அவர் பிசகாமல் காத்துக்கொண்டிருந்தார். வெறும் தேநீர் தரலாமா என்று கேட்டோம், சம்மதித்தார். பேணி சுட்டதால் சேலைத் தலைப்பால் அதைப் பிடித்துக்கொண்டு, இறந்தவருக்குப் புக்கையில் கசுக்கொட்டை நிறையக் கிடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குடித்தார். அன்று நாங்கள் கேட்காமல் இலையை வைத்துவிட்டு நகர்ந்திருந்தால், சாப்பாட்டை வேண்டாமென்ற மனுசி என்றுதான் அவரைப் பற்றி ஊரில் சொல்லியிருப்போம்.

நீரிழிவு உள்ளவர்கள் இருப்பார்கள் என்பதால், சர்க்கரைப் புக்கையோடு வெண்பொங்கலோ சோறும் பருப்பும் சொதியுமோ கட்டாயம் இருக்கட்டும். பல் விழுந்தவர்களுக்கு வடையைவிட நன்றாகக் குழைந்த சோறும் மசித்த பூசணியும் உதவும். ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்குக் காணும் என்று கணக்கு வைத்தால் 40 பேருக்கு 5, 6 கிலோ போதுமானது. கை கழுவ வாளியும் சவர்க்காரமும், குடிக்கக் கொதித்தாறிய நீரும் சாப்பாட்டுக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். பல நாட்களாக ஏறத்தாழ எதுவுமே உண்ணாதவர் ஒருவரைக் கண்டால், வயிறு நிறையச் சாப்பிடும்படி வற்புறுத்த வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாக உண்பது இரத்தத்திலுள்ள உப்புகளின் அளவைக் குலைத்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். சிறிது கஞ்சி கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஒழுங்கு செய்யுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணம் இல்லாமல் வரும்.

மனம் நொந்த உங்கள் நண்பர்கள் இருவரிடமும் ஒன்று சொல்லுங்கள். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலும் மற்ற முகாம்களிலுமாக ஏறத்தாழ 3 இலட்சம் வன்னிச் சனங்கள் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். தட்டு இல்லாதவர்கள் பால்மாப் பேணியின் தகரத்தை விரித்து நீட்டினார்கள். என் அம்மாவிடம் இருந்தது ஒரு வாளி மூடி. சமையற் கொட்டிலில் நின்ற தொண்டர்களில் ஒரு பெண் மட்டும், அகப்பையைச் சாய்க்கும்போது ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து "காணுமோ அம்மா?" என்று கேட்பார். சோறு மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்பார். அவர் நிற்கிற நாட்களில், மற்ற வரிசைகள் குறுகியிருந்தாலும், அம்மா அவருடைய வரிசையில்தான் போய் நிற்பார். உங்கள் வயதினர் அப்போது நடை பழகும் பிள்ளைகள். உங்களையும் யாரேனும் இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் நின்றிருக்கக்கூடும். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கடை விறாந்தையில் ஒன்றரை வருடமாக ஓர் ஐயா படுக்கிறார். நாளாந்தம் தேநீரும் இரவில் ஒரு நேரச் சாப்பாடும் கொடுத்துவருகிறேன். பொங்கலன்று அவரை வீட்டுக்கே அழைத்துவந்து எங்களோடு இருத்திச் சாப்பாடு போட ஆசை. "வீட்டுத்திட்டம் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, வன்னியில் வீடில்லாதவர் என்று யாரும் இல்லை, இவர் விரும்பித்தான் தெருவில் இருக்கிறார்" என்று மகன் மறுக்கிறான். சில வேளைகளில் ஐயா தனக்குத் தானே பேசிக்கொண்டும் இருப்பார். அழைக்கலாமா?
(ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அழையுங்கள் சகோதரி. ஒன்றரை வருடம் உங்கள் கையால் சாப்பிட்டவர் உங்களுக்கு அந்நியர் அல்லர். ஆனால் அவரே விரும்பினால் மட்டும் அழைத்துவாருங்கள். மற்றவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூச்சப்படுகிறவர்களும், சுவர்களுக்குள் இருக்க அஞ்சுகிறவர்களும் உண்டு. அவர் தயங்கினால், முற்றத்தில் பொங்கும் இடத்தருகே ஒரு கதிரை போடுங்கள். அதற்கும் தயங்கினால், கடை விறாந்தையிலேயே நீங்களும் ஓர் இலை போட்டு அவரோடு இருந்து சாப்பிடுங்கள்.

மகன் சொல்வதற்கு வருகிறேன். வீட்டுத்திட்டங்கள் வந்தது உண்மை. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் தறப்பாளுக்குக் கீழிருந்து கல்வீட்டுக்கு மாறின. ஆனால் பயனாளிகளைத் தெரிவுசெய்யும்போது குடும்ப அங்கத்தவரின் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுக்கப்பட்டதால், எல்லோரையும் இழந்து தனியே மிஞ்சிய முதியவர்கள் பட்டியலின் அடியில் தள்ளப்பட்டார்கள். காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவர்களின் நிலையும் கடினமாயிற்று. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, பிறர் காணியில் கூலிக்கு இருந்தே காலத்தைக் கழித்தவர்கள் இவர்களுள் கணிசமானோர். கிடைத்த வீட்டைக் கடனுக்கு இழந்தவரும், பிள்ளைகளோடு பிணங்கி வெளியேறியவரும் வேறு. உங்கள் ஐயா எவ்வழியாக அந்த விறாந்தைக்கு வந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லும்வரை, விரும்பி இருக்கிறார் என்று நாம் தீர்மானிப்பது நியாயமாகாது.

தனக்குத் தானே பேசுவதால் அவர் ஆபத்தானவர் என்று பயப்படத் தேவையில்லை. ஒன்றரை வருடமாக நீங்கள் அவரைக் கண்டிருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தை நம்புங்கள். ஆனால் அவருக்குச் சிகிச்சையால் ஆறுதல் கிடைக்கக்கூடும். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பொலிஸாரிடம் முதலில் போகவேண்டாம் என்பது என் கருத்து. வேலையின்றி அலைகிறவர்களைத் தண்டிக்க ஆங்கிலேயர் 1841இல் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றினார்கள். தெருவில் இருப்பதையே குற்றமாகப் பார்க்கும் அந்தக் கண் எங்கள் நாட்டில் இன்னும் மூடவில்லை.

பொங்கலுக்குப் பிறகு நீங்கள் செய்யக்கூடிய ஒரு பெரிய உதவி, அவருக்குத் தேசிய அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. இறுதி யுத்தத்தில் ஆவணங்களைத் தொலைத்துவிட்டு இன்றுவரை எடுக்காதவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாமல் 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கோ முதியோர் கொடுப்பனவுக்கோ போய் நிற்க முடியாது. கிராம அலுவலரிடம் அவரை அழைத்துப் போங்கள். பிறப்புப் பதிவைத் தேடிப் பெற முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கும் வழி உண்டு. பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவை உங்கள் பகுதிக்கு வரும் நாளில் போனால் ஒரே இடத்தில் பல வேலைகள் முடியும். தனியே போனால் "நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பப்படுகிற ஒருவர், பக்கத்தில் ஊரறிந்த கடைக்கார அம்மா நின்றால் அப்படித் திருப்பப்படுவதில்லை. நியாயமற்ற நிலைதான், ஆனால் அதை அவருக்காகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கனடாவிலுள்ள மாமா பொங்கல் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிறார். சாப்பாடு வாங்குகிறவர்களின் முகம் தெரிய வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். "பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதல்லவா?
(ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கணக்குக் கேட்பதில் நியாயம் உண்டு, முகம் கேட்பதில் இல்லை. அரிசி, பயறு, மரக்கறி வாங்கிய கடைப் பற்றுச்சீட்டுகளையும், அடுப்பில் பொங்கும் பானையையும், விரித்த இலைகளின் வரிசையையும், பரிமாறிய உங்கள் கைகளையும் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிஞ்சியது என்பதை எழுதி அனுப்புங்கள். அது ஒழுங்கான கணக்கு.

சம்மதம் கேட்டுவிட்டு எடுத்தால் என்ன என்று நீங்கள் எழுதக்கூடும். சோற்றுக் கரண்டி ஒருவருடைய கையிலும் பசி மற்றவருடைய வயிற்றிலும் இருக்கும்போது, கேட்கப்படும் சம்மதத்துக்கு இல்லை என்று சொல்ல எவராலும் முடியாது. நான் அறிந்த ஒரு குடும்பத்தில், திருமணம் பேசிக்கொண்டிருந்த வேளையில், தகப்பன் தெருவில் உலர் உணவுப் பொதி வாங்கும் வீடியோ ஒன்று பெண்வீட்டார் கையில் கிடைத்தது. அதை எடுத்துப் போட்டவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. அந்தத் தகப்பன் பிறகு வீட்டுக்குப் போகவே இல்லை.

மாமாவுக்கு இதை அப்படியே எழுதுங்கள். அவரும் ஒரு காலத்தில் இங்கிருந்து இடம்பெயர்ந்தவர் என்றால், விளங்கிக்கொள்வார். விளங்கவில்லையென்றால் அவருடைய பணத்தைத் திருப்பிவிட்டு, உங்களால் இயன்ற பத்துப் பேருக்குப் பொங்குங்கள்.

கேள்வி: இப்படியான சாப்பாட்டுக்கு எங்கள் 11 வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா? பார்த்துப் பயந்துவிடுவாளோ என்று மனைவி தயங்குகிறார்.
(ஒரு வாசகர், மாங்குளம்)

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன்னர், அங்கே யாரைச் சந்திப்போம், அவர்கள் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "நாம் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் என்று பார்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். ஒரு மனிதரின் இல்லாமையைப் பிள்ளைக்குப் பாடமாகக் காட்டுவது, அந்த மனிதருக்குக் காதில் விழாவிட்டாலும், பிள்ளையின் பார்வையில் தங்கிவிடும். பெரியவர்களை அம்மம்மா, அப்பப்பா, மாமா, மாமி என்று வீட்டில் அழைப்பதுபோலவே அங்கும் அழைக்கட்டும்.

தனி ஒரு வேலையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பந்தி நெடுக நடப்பது 11 வயதுக்கு ஏற்ற வேலை. பயப்படுவதற்கும் நேரம் இராது. எந்த நேரமும் உங்கள் கண்பார்வையில் இருக்கட்டும், களைத்தால் உடனே வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். பரிமாறி முடிந்ததும் பந்தியில் மகளுக்கும் ஓர் இலை போட்டு, யாருக்குப் பக்கத்தில் இருக்க விருப்பம் என்று கேட்டு, அங்கே இருத்துங்கள்.